விமான எஞ்சின் பிளேடுகளில் ஃப்ளட்டர்: கண்டறியும் முறையும் தடுக்கும் வழியும்

ஜெட் எஞ்சினின் ஃபேன், கம்ப்ரசர் பிளேடுகளில் எழும் அதிர்வுகளை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகை, வெளியிலிருந்து வரும் தட்டலுக்கு எதிர்வினையாக எழுவது. முன்வரிசையில் அசையாமல் நிற்கும் வழிகாட்டித் தகடுகளின் பின்னே வேகம் குறைந்த காற்றுப் பட்டைகள் உருவாகின்றன. சுழலும் பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் அப்பட்டைகளை வெட்டிக்கொண்டு போகிறது. அந்தத் தட்டலின் அதிர்வெண் பிளேடின் இயல் அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டால் ஒத்ததிர்வு ஏற்படுகிறது. இரண்டாம் வகைக்கு வெளித்தட்டல் எதுவும் தேவையில்லை. சீராக வரும் காற்றிலேயே பிளேடு தற்செயலாகச் சற்று அசைகிறது. அந்த அசைவு சுற்றியுள்ள காற்றழுத்தத்தை மாற்றுகிறது. மாறிய அழுத்தம் அசைவின் போக்கிலேயே பிளேடைத் தள்ளுமானால், ஒவ்வோர் அதிர்விலும் பிளேடு காற்றிடமிருந்து ஆற்றலைப் பெற்றுக்கொண்டே போகிறது. ஆடிக் காற்றில் கொடியில் காயும் வேட்டி படபடப்பதும் இந்த வகையே. அதற்குக் காற்று விட்டுவிட்டு அடிக்க வேண்டியதில்லை. பிளேடில் நிகழும் இதைத்தான் பொறியாளர்கள் ஃப்ளட்டர் என்கிறார்கள்.

கம்ப்ரசர் வடிவமைப்பிலோ சோதனைக்கூடத்திலோ புதிதாகப் பொறுப்பேற்கும் பொறியாளரை மனத்தில் கொண்டு இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. அவர் கல்லூரியில் கேம்ப்பெல் வரைபடத்தைப் படித்திருப்பார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வில்ஃப்ரெட் கேம்ப்பெல், நீராவி டர்பைன் வட்டுகள் உடைவதை ஆராய்ந்து 1924இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த அந்த வரைபடம், ஒத்ததிர்வு எந்தச் சுழல்வேகத்தில் நேரும் என்பதைத் தெளிவாகக் காட்டும். ஃப்ளட்டரைப் பற்றி அது எதையும் சொல்லாது. வரைபடத்தில் எந்தக் கோடும் எந்தக் கோட்டையும் வெட்டாத இடத்திலும் ஃப்ளட்டர் எழலாம். எனவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வேகத்தில், இந்தச் சுமையில், இந்த உள்வரு காற்றில், பிளேடின் மொத்தத் தணிப்பு (அதிர்வை அடக்கும் தன்மை) நேர்க்குறியில் இருக்கிறதா, எதிர்க்குறிக்குப் போய்விட்டதா? கணக்கு, அளவீடு, வடிவ மாற்றம், பராமரிப்பு ஆகிய எல்லாமே இந்தக் குறியைச் சுற்றியே நிற்கின்றன.

குறி மாறினால் எவ்வளவு விரைவில் நிலைமை கைமீறும் என்பதை ஒரு கணக்கால் உணரலாம். அடுத்தடுத்த இரு அதிர்வுகளின் வீச்சு விகிதத்தின் இயல் மடக்கை ஒரே ஒரு சதவீதம் எதிர்க்குறியில் இருப்பதாகக் கொள்வோம். 200 ஹெர்ட்ஸில் அதிரும் பிளேடின் வீச்சு ஒரு நொடியில் ஏழு மடங்குக்கு மேல் பெருகும். இரண்டாம் நொடியின் முடிவில் ஐம்பது மடங்கைத் தாண்டிவிடும். பிறகு ஏதாவதொரு நேரிலா விளைவு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தி, வீச்சை ஒரு வரம்பில் நிறுத்தும். அந்த வரம்பு, பிளேடு தாங்கும் தகைவுக்குக் கீழே நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. வரம்பு சிறியதாக இருந்தாலும், 200 ஹெர்ட்ஸில் ஒரு கோடி அதிர்வுகள் நிறைவதற்குப் பதினான்கு மணி நேரமே போதும். உலோகச் சோர்வால் விரிசல் விழ அது தாராளமான எண்ணிக்கை.

வரைபலகையிலேயே தொடங்கும் சோதனை

முதலில் செய்ய வேண்டியது ஒரு கைக்கணக்கு. பிளேடின் கோண அதிர்வெண்ணை, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையிலான அகலத்தால் பெருக்கி, பிளேடைச் சார்ந்த காற்றின் வேகத்தால் வகுத்தால் ஒரு பரிமாணமற்ற எண் கிடைக்கும். இதற்குக் குறைக்கப்பட்ட அதிர்வெண் என்று பெயர். காற்று பிளேடைக் கடந்துபோக ஆகும் நேரத்தோடு ஒப்பிட, பிளேடு எவ்வளவு விரைவாக அதிர்கிறது என்பதை அது சொல்கிறது. எண் பெரிதாக இருந்தால் நல்லது. முழு அகலத்தை வைத்துக் கணக்கிடும்போது, முதல் வளைவு அதிர்வுக்கு 0.3க்குச் சற்று மேலும், முதல் முறுக்கு அதிர்வுக்கு 1.5ஐ ஒட்டியும் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாகப் புழங்கும் கைக்கணக்கு. சிலர் அரை அகலத்தை வைத்துக் கணக்கிடுவார்கள் என்பதால், பிறருடைய எண்ணை எடுத்தாளும் முன் எந்த அகலம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நுனியருகே 0.3 மீட்டர் அகலமுள்ள ஃபேன் பிளேடு ஒன்றை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் காற்று சந்திக்கிறது என்போம். முதல் வளைவு அதிர்வெண் 80 ஹெர்ட்ஸ் என்றால் எண் 0.38 வரும், முதல் முறுக்கு அதிர்வெண் 300 ஹெர்ட்ஸ் என்றால் 1.41 வரும். வளைவில் ஓரளவு இடம் இருக்கிறது, முறுக்கில் விளிம்பில் நிற்கிறோம் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். இது அனுமதிச் சீட்டு அன்று; எங்கே கூர்ந்து பார்க்க வேண்டும் என்று காட்டும் சுட்டுவிரல் மட்டுமே.

இந்தக் கணக்கைப் பதினைந்து டிகிரி வெப்பநிலைக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவது பலரும் செய்யும் பிழை. காற்றியல் நிலை மாறாமல் இருக்கும்போது, உள்வரு காற்றின் தனி வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உண்மையான வேகங்கள் உயர்கின்றன. 45 டிகிரி வெயில் நாளில் வேகம் ஐந்து சதவீதம் கூடும். 11 கிலோமீட்டர் உயரத்தில் ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கும் போர் விமானத்தின் எஞ்சினுக்குள் நுழையும் காற்று ஏறத்தாழ 390 கெல்வினுக்குச் சூடேறுவதால், வேகம் பதினாறு சதவீதம் கூடும். மையவிலக்கு விசை பிளேடைச் சற்று விறைப்பாக்கி அதிர்வெண்ணை உயர்த்துவதால் இழப்பில் ஒரு பகுதி ஈடாகும், முழுவதும் ஈடாகாது. ஆகவே குறைக்கப்பட்ட அதிர்வெண்ணைப் பறப்பு எல்லையின் மூலைகள் அனைத்திலும் கணக்கிட வேண்டும்.

அடுத்து, கம்ப்ரசர் செயல்வரைபடத்தில் (காற்றோட்டத்துக்கு எதிராக அழுத்த விகிதத்தைக் காட்டும் படத்தில்) ஆபத்தான இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். நடுத்தர வேகத்தில், சர்ஜ் கோட்டை (காற்றோட்டம் குலைந்து பின்னோக்கிப் பாயத் தொடங்கும் எல்லையை) நெருங்கும்போது, தாக்கு கோணம் (காற்று பிளேடைச் சந்திக்கும் கோணம்) கூடி, காற்று பிளேடின் பரப்பிலிருந்து பிரியும் ஸ்டால் நிலையை ஒட்டி எழுவது ஸ்டால் ஃப்ளட்டர்; பயணிகள் விமானங்களின் ஃபேன்களில் முதலில் அஞ்ச வேண்டியது இதுவே. அதிவேகத்தில், பிளேடைச் சார்ந்த காற்று ஒலியை மிஞ்சும்போது, ஸ்டால் ஏதும் இல்லாமலே எழுவது ஒலிமிகு ஃப்ளட்டர். பிளேடுகளுக்கு இடையிலான வழி அடைபட்டு, தாக்கு கோணம் எதிர்ப்பக்கம் போகும்போது எழுவது சோக் ஃப்ளட்டர். ஒவ்வொன்றுக்கும் தப்பும் திசை வேறு. முதலாவதிலிருந்து விலகச் சுமையைக் குறைக்க வேண்டும்; மூன்றாவதிலிருந்து விலகச் சுமையைக் கூட்ட வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் வால்வைத் திருப்பக் கூடாது.

ஆற்றல் கணக்கும் ஓடும் அலையும்

கைக்கணக்குக்குப் பின் வருவது முறையான கணிப்பு. 1967இல் ஃபிராங்க்ளின் கார்ட்டா முன்வைத்த ஆற்றல் முறையே இன்றைய கணினிக் கணிப்புகளுக்கும் அடிப்படை: அதிர்வு வடிவத்தை முதலில் கட்டமைப்புக் கணக்கிலிருந்து எடுத்து, பிளேடை அதே வடிவில் அசைத்து, ஒரு முழு அதிர்வில் காற்று பிளேடின்மேல் செய்யும் வேலையைத் தொகுப்பது. வேலை எதிர்க்குறியில் வந்தால் பிளேடு காற்றுக்கு ஆற்றலைக் கொடுக்கிறது, அதிர்வு அடங்கும். நேர்க்குறியில் வந்தால் வளரும்.

இதில் தனிப் பிளேடை மட்டும் கணக்கிட்டால் விடை தவறாகும். ஒரு பிளேடு அசையும்போது பக்கத்துப் பிளேடின் அழுத்தமும் மாறுகிறது. ஒரே மாதிரியான பிளேடுகள் கொண்ட வரிசையில், அடுத்தடுத்த பிளேடுகள் ஒரே வீச்சில், ஒரே கட்ட வேறுபாட்டில் அதிரும் என்றும், வரிசையைச் சுற்றி முழு எண்ணிக்கையில் அலைகள் அமையும் கட்ட வேறுபாடுகள் மட்டுமே சாத்தியம் என்றும் 1956இல் ஃபிராங்க் லேன் காட்டினார். 22 பிளேடுகள் இருந்தால் 22 சாத்தியங்கள் உண்டு. இவற்றைக் கணு விட்டங்களின் எண்ணிக்கையால், அதாவது வரிசையைச் சுற்றி அமையும் அலைகளின் எண்ணிக்கையால், குறிப்பிடுகிறோம். இருபத்தொன்றில் தணிப்பு நன்றாக இருந்து, சுழலும் திசையிலேயே ஓடும் இரண்டு கணு விட்ட அலையில் மட்டும் அது எதிர்க்குறியாக இருந்தால் ரோட்டார் (சுழலும் பிளேடு வரிசை) அந்த ஒன்றில் ஃப்ளட்டருக்குள் போகும். ஃபேன்களில் முன்னோக்கி ஓடும், குறைந்த கணு விட்டம் கொண்ட அலைகளே பெரும்பாலும் முதலில் தடுமாறுகின்றன. அதனால் எல்லாக் கணு விட்டங்களுக்கும் கணக்கிட்டு, மிகக் குறைந்த மதிப்பைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும். சராசரியை எழுதுவது ஏமாற்றும்.

சோதனைக்கு முந்தைய ஆயத்தம்

ரோட்டார் சோதனைக்கூடத்துக்குள் போகும் முன், ஒவ்வொரு பிளேடையும் தனித்தனியே தட்டி, அதன் இயல் அதிர்வெண்களை அளந்து, இருக்கை எண்ணோடு பதிந்துகொள்ள வேண்டும். சலிப்பூட்டும் வேலையாகத் தோன்றலாம். தவிர்க்கக் கூடாத வேலை இது. காரணம், பிளேடுகளின் அதிர்வெண்களில் இயல்பாக இருக்கும் சிறு வேறுபாடுகள் பெரும்பாலும் ஃப்ளட்டரை அடக்கும் தன்மை உடையவை. சோதனை ரோட்டாரில் வேறுபாடு மிகுதியாக இருந்து அது அமைதியாக ஓடினால், பின்னர் உற்பத்தித் துல்லியம் கூடி, எல்லாப் பிளேடும் அச்சில் வார்த்தாற்போல வரும் ரோட்டாரில் ஃப்ளட்டர் தலைதூக்கலாம். சோதனை செய்த ரோட்டாரின் வேறுபாட்டைப் பதிந்து வைக்காதவரால் இந்த மாற்றத்தை விளக்கவே முடியாது.

ஸ்ட்ரெய்ன் கேஜுகளை (பிளேடின் நுண்ணிய நீட்சியை அளக்கும் உணரிகளை) எங்கே ஒட்டுவது என்பதை அதிர்வு வடிவக் கணக்கைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தகைவு உச்சமாக இருக்கும் புள்ளியிலேயே ஒட்ட வேண்டும் என்பதில்லை. நாம் கவலைப்படும் எல்லா அதிர்வு வடிவங்களிலும் போதிய சைகை தரும் இடம் வேண்டும், அங்கிருந்து உச்சத் தகைவைக் கணக்கால் பெறலாம். கேஜின் சைகை, சுழலும் தண்டிலிருந்து வழுக்கு வளையம் வழியாகவோ டெலிமெட்ரி வழியாகவோ வெளியே வரும். கேஜுகள் வெப்பத்திலும் மையவிலக்கு விசையிலும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும் என்பதை எதிர்பார்த்து, ஒரே வகை கேஜைப் பல பிளேடுகளில் வைப்பது நல்லது.

நுனிக்கால அளவீடு

கேஜ் சில பிளேடுகளை மட்டுமே பார்க்கும். எல்லாப் பிளேடுகளையும் பார்க்கும் முறை, உறையில் பொருத்திய உணரிகளின் முன்னால் ஒவ்வொரு பிளேடின் நுனியும் வந்துசேரும் நேரத்தை அளப்பது. ஒளி உணரிகளைக் கொண்டு ஃப்ளட்டரைக் கண்டறியும் முயற்சிகளை நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம் 1970களிலேயே ஒய்எஃப்-100 எஞ்சினில் செய்து வெளியிட்டது. பிளேடு அதிராமல் சுழன்றால் நுனி குறித்த நேரத்தில் வரும். அதிர்ந்தால் முந்தியோ பிந்தியோ வரும். நுனியின் வேகம் நொடிக்கு 400 மீட்டர் என்றால், 0.4 மில்லிமீட்டர் விலகல் ஒரு மைக்ரோநொடி வித்தியாசமாகத் தெரியும். ஆகவே கடிகாரம் அதைவிடப் பலமடங்கு நுட்பமாக இருக்க வேண்டும். சுற்றுக்கு ஒருமுறை வரும் தண்டுச் சைகையும் நடுக்கமின்றி இருக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. ஓர் உணரி, ஒரு பிளேடைச் சுற்றுக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு நூறு முறை. பிளேடு 230 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் பதிவில் அது 30 ஹெர்ட்ஸாகத் தோன்றும். 70, 130, 170, 270 ஹெர்ட்ஸில் அதிர்ந்தாலும் அதே 30 ஹெர்ட்ஸ்தான் தோன்றும். இந்தக் குழப்பத்தை நீக்க, உறையைச் சுற்றிச் சமமற்ற இடைவெளியில் பல உணரிகளை வைக்க வேண்டும். சுமை ஏறும்போது ரோட்டார் அச்சுத்திசையில் சற்று முன்னே நகரும் என்பதையும் மறக்கக் கூடாது. உணரி பின்விளிம்புக்கு மிக அருகில் இருந்தால், நகர்ந்த பிளேடு பார்வையிலிருந்தே தப்பிவிடும். முறுக்கு அதிர்வைப் பிரித்தறிய வேண்டுமானால் முன்விளிம்புப் பக்கம் ஒன்றும் பின்விளிம்புப் பக்கம் ஒன்றுமாக உணரிகள் தேவை.

உறையில் பதிக்கும் விரைவு அழுத்த உணரிகள் மூன்றாவது சாட்சி. இங்கே அதிர்வெண் மாறித் தெரியும் என்பதே புதியவரைக் குழப்புவது. பிளேடின் மேலுள்ள கேஜ் 230 ஹெர்ட்ஸ் காட்டும்போது, உறையில் நிற்கும் உணரி 430 ஹெர்ட்ஸ் காட்டலாம். வித்தியாசம் 200, தண்டின் சுழற்சி நொடிக்கு 100, ஆகவே சுழலும் திசையில் ஓடும் இரண்டு கணு விட்ட அலை அங்கே இருக்கிறது. இதை உறுதிசெய்ய, 30 டிகிரி இடைவெளியில் உள்ள இரு அழுத்த உணரிகளின் கட்ட வேறுபாட்டைப் பார்க்கலாம். அது 60 டிகிரியாக இருந்தால் கணு விட்டம் இரண்டு என்ற முடிவு பொருந்துகிறது. ஆனால் பதினான்கு கணு விட்ட அலையும் அதே 60 டிகிரியைத்தான் காட்டும் என்பதால், வேறு இடைவெளியில் மூன்றாவது உணரி ஒன்று கட்டாயம் வேண்டும். கேஜ், நுனிக்காலம், உறையழுத்தம் என்ற மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் மட்டுமே ஃப்ளட்டர் என்று கையொப்பமிட வேண்டும்.

போலிகளை விலக்குதல்

திரையில் திடீரென உயரும் கோடு எல்லாம் ஃப்ளட்டர் அன்று. ஒத்ததிர்வின் அதிர்வெண், சுழற்சி அதிர்வெண்ணின் முழு மடங்காக இருக்கும். மேலே பார்த்த 230 ஹெர்ட்ஸ், சுழற்சியின் 2.3 மடங்கு. தற்செயலாக ஃப்ளட்டரும் முழு மடங்கில் விழுந்துவிட்டால், சுழல்வேகத்தைச் சிறிது மாற்றிப் பார்க்க வேண்டும். ஒத்ததிர்வு என்றால் வீச்சு சரிந்துவிடும். ஃப்ளட்டர் என்றால் அதிர்வெண் பிளேடின் இயல் அதிர்வெண்ணிலேயே நிற்கும், வீச்சும் தொடரும்.

சுழல் ஸ்டால் இன்னும் தந்திரமானது. அதுவும் முழு மடங்கில் வராது. ஸ்டாலான காற்றுத் திட்டுகள் ரோட்டார் வேகத்தின் ஒரு பின்னத்தில், பெரும்பாலும் பாதியை ஒட்டி, சுற்றி வருகின்றன. அவற்றின் அதிர்வெண் சுழல்வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். பிளேடின் இயல் அதிர்வெண்ணைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை. மேலும், ஃப்ளட்டர் தொடங்கும்போது, அதுவரை அவரவர் அதிர்வெண்ணில் முணுமுணுத்துக்கொண்டிருந்த பிளேடுகள் எல்லாம் ஒரே அதிர்வெண்ணுக்குள் வந்து பூட்டிக்கொள்கின்றன. அனைத்துப் பிளேடுகளின் அதிர்வெண் நிறமாலைகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாகத் திரையில் அடுக்கி வைத்தால், சிதறிக் கிடந்த உச்சிகள் ஒரே செங்குத்துக் கோட்டில் வந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை என்பது என் கருத்து.

எல்லையை நெருங்கும் விதம்

திருத்திய சுழல்வேகத்தை (உள்வரு காற்றின் வெப்பநிலைக்கு ஏற்பச் சரிசெய்த சுழல்வேகத்தை) மாறாமல் பிடித்துக்கொண்டு, வெளிப்போக்கு வால்வைச் சிறுசிறு படிகளாக மூடி, ஒவ்வொரு படியிலும் நின்று பதிவு செய்ய வேண்டும். வீச்சை மட்டும் பார்த்துக்கொண்டு போவது ஆபத்து. எல்லைக்கு ஒரு படி முன்புவரை வீச்சு அமைதியாக இருக்கும், அடுத்த படியில் பாய்ந்துவிடும். பார்க்க வேண்டியது தணிப்பின் போக்கு. காற்றின் இயல்பான கொந்தளிப்பே பிளேடைச் சற்று அதிரவைத்துக்கொண்டிருக்கும். அந்த அதிர்வின் நிறமாலை உச்சி எவ்வளவு அகலம் என்பதிலிருந்து தணிப்பைப் பெறலாம். 230 ஹெர்ட்ஸ் உச்சி, பாதித் திறன் மட்டத்தில் 2.3 ஹெர்ட்ஸ் அகலம் இருந்தால் தணிப்பு விகிதம் 0.5 சதவீதம். அகலம் 0.46 ஹெர்ட்ஸாகக் குறுகினால் 0.1 சதவீதம். உச்சி ஊசிபோலக் கூர்மையாகிக்கொண்டே வருவது எல்லை அருகில் இருப்பதற்கான முன்னறிவிப்பு. இவ்வளவு குறுகிய அகலத்தைப் பிரித்தறிய ஒன்றிரண்டு நொடிப் பதிவு போதாது. பல பத்து நொடிகள் நிலையாக நின்று பதிய வேண்டும். அவசரப்பட்டு வால்வை ஓடவிட்டால் கூர்மை பதிவில் தெரியாது.

கேஜ் தகைவுக்கு முன்கூட்டியே வரம்பு நிர்ணயித்து, அதை மீறினால் யாரிடமும் கேட்காமல் வால்வைத் திறக்கும் அதிகாரத்தைத் திரையைப் பார்ப்பவருக்கே கொடுத்துவிட வேண்டும். விவாதிக்க ஒரு நொடி எடுத்தால் வீச்சு ஏழு மடங்காகும் என்ற கணக்கை மேலே பார்த்தோம். விரைவாகத் திறக்கும் தனி வால்வு இல்லாத சோதனைக்கூடத்தில் ஸ்டால் ஃப்ளட்டர் எல்லையைத் தேடவே கூடாது.

சான்றிதழுக்கான விதிகளும் இதையொட்டியே இருக்கின்றன. அமெரிக்க விதித்தொகுப்பின் 33.83ஆம் பிரிவு, அதிர்வு ஆய்வை அனுமதிக்கப்பட்ட உச்சச் சுழல்வேகத்தின் 103 சதவீதம் வரை நடத்தக் கோருகிறது. உண்மைச் சுழல்வேகம், திருத்திய சுழல்வேகம் இரண்டையும் பார்க்கச் சொல்கிறது. ஃப்ளட்டரைத் தூண்டக்கூடிய காற்றியல் காரணிகளை மதிப்பிடவும், மாறுகோணத் தகடுகளின் கோணப் பிழைவரம்பு, காற்றுக்கசிவு (கம்ப்ரசரிலிருந்து வேண்டுமென்றே வெளியே விடும் காற்று), உள்வரு காற்றின் மிக மோசமான சீர்கேடு ஆகியவற்றின் விளைவைக் கணக்கில் எடுக்கவும் சொல்கிறது.

தடுக்கும் வழிகள்

அடிப்படையான மருந்து வடிவத்தில் இருக்கிறது. பிளேடை அகலமாக்கினால் குறைக்கப்பட்ட அதிர்வெண் நேராக உயரும். பழைய ஃபேன் பிளேடுகள் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்ததால், அவற்றின் நடு உயரத்தில் பக்கவாட்டில் சிறு முட்டுகளை வைத்து, சுழலும்போது அவை ஒன்றையொன்று அழுத்தி ஒரு வளையமாக இறுகும்படி செய்தார்கள். அதிர்வெண் உயர்ந்தது, உராய்வால் தணிப்பும் கிடைத்தது. ஆனால் காற்றுப் பாதையின் நடுவில் அவை தடையாக நின்று திறனைத் தின்றன. 1984இல் சேவைக்கு வந்த ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்பி211-535இ4 எஞ்சின், முட்டுகள் இல்லாத, உள்ளீடற்ற டைட்டேனியத்தால் ஆன அகலப் பிளேடுகளோடு பறந்தது. இன்றைய பெரிய ஃபேன்கள் அதே வழியில் வந்தவை. அகலத்தைப் போலவே அதிர்வு வடிவமும் முக்கியம்: வளைவு அதிர்வில் முறுக்கு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத் தணிப்பின் குறியே மாறிவிடும். ஒரே அதிர்வெண் உள்ள இரு பிளேடுகளில் ஒன்று அமைதியாகவும் மற்றொன்று ஃப்ளட்டரிலும் இருக்கக் காரணம் இதுவே.

பிளேடும் வட்டும் ஒரே துண்டாகக் கடையப்படும் ரோட்டார்களில் வேர் இணைப்பின் உராய்வு இல்லை. எடை குறைகிறது, ஆனால் இயந்திரத் தணிப்பும் போய்விடுகிறது. அங்கே காற்று தரும் தணிப்பை மட்டுமே நம்பி நிற்கிறோம். தனிப் பிளேடுகள் உள்ள ரோட்டார்களில் பிளேடின் அடித்தட்டான மேடையின் அடியில் உராய்வுத் தணிப்பான்களை வைக்கலாம். அவற்றின் வரம்பைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும். உராய்வு ஓர் அதிர்வில் தின்னும் ஆற்றல் வீச்சுக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. எதிர்க்குறித் தணிப்பால் காற்று ஊட்டும் ஆற்றலோ வீச்சின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே ஒரு குறிப்பிட்ட வீச்சு வரை உராய்வு வெல்லும்; பறவை மோதியோ சர்ஜ் ஏற்பட்டோ அந்த வீச்சைத் தாண்டிவிட்டால் காற்று வெல்லும். உராய்வுத் தணிப்பானைக் காட்டி ஃப்ளட்டர் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எந்த வீச்சு வரை என்று கேட்க வேண்டும்.

வேண்டுமென்றே அதிர்வெண்களை வேறுபடுத்துவது மற்றொரு வழி. ஒற்றை இருக்கைகளில் ஒரு வகை, இரட்டை இருக்கைகளில் சில சதவீதம் வேறுபட்ட இன்னொரு வகை என மாற்றி மாற்றிப் பொருத்தினால், ஆபத்தான அலை ஒருங்கு சேர முடியாமல் தடுமாறுகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. வேறுபாடுள்ள வரிசையில் ஒத்ததிர்வு ஏற்படும்போது அதிர்வு சில பிளேடுகளில் குவியலாம். 1966இல் வைட்ஹெட் தந்த சூத்திரப்படி, அந்தப் பெருக்கத்தின் உச்சவரம்பு, பிளேடு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கிய அளவு. 36 பிளேடுகளுக்கு அது 3.5 மடங்கு. ஆகவே வேறுபாட்டு அமைப்பை முடிவுசெய்யும் நாளில் கேம்ப்பெல் வரைபடத்தையும் மேசைமேல் விரித்து வைத்திருக்க வேண்டும்.

காற்று உள்வாயும் இந்தக் கணக்கில் ஒரு பங்காளி. அதிரும் ஃபேனிலிருந்து எழும் ஒலி அலை முன்னோக்கிச் சென்று, உள்வாயின் விளிம்பில் எதிரொலித்துத் திரும்பி வந்து, சில வேகங்களில் பிளேடுக்கு ஆற்றல் ஊட்டுகிறது. சோதனைக்கூடத்து நீண்ட குழாயில் அமைதியாக ஓடிய ஃபேன், குட்டையான உண்மையான உள்வாயைப் பொருத்தியதும் ஒரு குறுகிய வேக வரம்பில் ஃப்ளட்டருக்குப் போகலாம். உள்வாயின் ஒலியுறிஞ்சிப் பூச்சை வடிவமைப்பவரிடம் ஃப்ளட்டர் அதிர்வெண்ணைச் சொல்லி வைப்பது பயன்தரும்.

கட்டுப்பாட்டு மென்பொருள்

மாறுகோணத் தகடுகளின் கோண அட்டவணை, காற்றுக்கசிவு வால்வின் திறப்பு, தவிர்க்க வேண்டிய வேகப் பகுதிகள் ஆகியவற்றை இன்று எஞ்சின் கணினி முடிவுசெய்கிறது. ஃப்ளட்டரைத் தடுப்பதற்குக் கிடைத்த மலிவான கருவியும் அதுவே. பாதுகாப்பு எல்லையை ஓசையின்றிக் குறைத்துவிடக்கூடிய இடமும் அதுவே. 2019 ஜூலை 25, செப்டம்பர் 16, அக்டோபர் 15 ஆகிய நாள்களில் சுவிஸ் விமான நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ220-300 விமானங்களில் பிராட் & விட்னி பிடபிள்யூ1500ஜி எஞ்சின்கள் பறக்கும்போதே நின்றன. தாழ்வழுத்தக் கம்ப்ரசரின் முதல் ரோட்டார் உடைந்திருந்தது. எல்லா விமானங்களும் பத்திரமாகத் தரையிறங்கின. முதல் நிகழ்வில் கீழே விழுந்த டைட்டேனியத் துண்டுகளைத் தேடித் தரும்படி, பிரான்சின் பெரிஞி-சுர்-அர்மான்சோன் பகுதி மக்களை விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு கேட்டுக்கொண்டது; உடைந்த பரப்பைப் பார்க்காமல் அதிர்வு வடிவத்தை உறுதிசெய்வது கடினம் என்பதால் அந்தத் துண்டுகளுக்கு அவ்வளவு மதிப்பு. அதற்குச் சற்று முன் செய்யப்பட்டிருந்த கட்டுப்பாட்டு மென்பொருள் மாற்றத்தின் பக்கம் புலனாய்வாளர்களின் கவனம் திரும்பியது. அக்டோபர் இறுதியில் கனடாவின் போக்குவரத்துத் துறை, 29,000 அடிக்கு மேல் ஃபேன் தண்டின் வேகம் 94 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவிட்டது.

இதிலிருந்து சோதனைப் பொறியாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை தெளிவானது. கோண அட்டவணையிலோ கசிவு வால்வின் திறப்பிலோ ஒரு டிகிரி, ஒரு சதவீதம் மாறினாலும், அந்த மாற்ற ஆவணம் அதிர்வுப் பிரிவின் கையொப்பம் இல்லாமல் வெளியேறக் கூடாது; உலோகத்தில் எதுவும் மாறவில்லை என்பது தணிப்பின் குறி மாறவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. புதிய அட்டவணையோடு உயரப் பறப்பு நிலைகளிலும் அளவீட்டை மீண்டும் செய்ய வேண்டும்.

பறக்கும் எஞ்சினில் கவனிக்க வேண்டியவை

ஓடுதளத்தில் நின்றபடி, பக்கக்காற்றில், உந்துவிசையை உயர்த்துவது ஃபேனுக்குக் கடினமான நேரம். உள்வாயின் ஒரு பக்கத்தில் காற்று பிய்ந்து, பிளேடுகள் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டாலை நெருங்கித் திரும்புகின்றன. இயக்கக் கையேட்டில் பக்கக்காற்றுக்கென்று தனி உந்துவிசை நடைமுறை இருந்தால், அதை எரிபொருள் சிக்கனத்துக்காகவோ நேரத்துக்காகவோ சுருக்கக் கூடாது.

பிளேடின் முன்விளிம்பில் விழும் கீறலை அரம் போட்டு வழவழப்பாக்குவது அன்றாட வேலை. ஒவ்வொரு முறையும் நுனியருகே சிறிது உலோகம் போகிறது, அதிர்வெண் சற்று மாறுகிறது. கையேட்டின் ஆழ வரம்பைக் கடைப்பிடிப்பதோடு, எந்த இருக்கைப் பிளேடில் எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். மாற்றுப் பிளேடை எடை பார்த்து மட்டும் பொருத்தாமல், அதிர்வெண் வேறுபாட்டு அமைப்பு இருக்கும் ரோட்டாரில் வகை பார்த்தும் பொருத்த வேண்டும். நடுமுட்டுகள் உள்ள பழைய எஞ்சின்களில், முட்டுகளின் உரசும் முகத்தில் உள்ள கடினப் பூச்சு தேய்ந்திருக்கிறதா, ஒரு முட்டு பக்கத்து முட்டின்மேல் ஏறி அமர்ந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த முட்டு வளையமாக இறுகாது. பிளேடு மீண்டும் ஒல்லியான, நீளமான தனிப் பிளேடாகிவிடும்.

விரிசல் கண்டுபிடிக்கப்பட்டால், பிளேடை மாற்றிவிட்டு நகரக் கூடாது. விரிசல் தொடங்கிய புள்ளியை நுண்ணோக்கியில் பார்த்து, எந்த அதிர்வு வடிவத்தின் உச்சத் தகைவு அங்கே விழுகிறது என்று கணக்கோடு ஒப்பிட வேண்டும். தொடக்கப் புள்ளியில் கல்லடித்த பள்ளம் இருந்து, மற்றப் பிளேடுகள் சுத்தமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. பள்ளம் ஏதும் இன்றி, ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பிளேடுகளில் விரிசல் தொடங்கியிருந்தால் வரிசை முழுவதும் அதிர்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். அந்த நிலையில், கடைசிப் பறப்புகளின் சுழல்வேகம், உயரம், மாறுகோணத் தகடுகளின் நிலை ஆகிய பதிவுகளை எஞ்சின் கணினியிலிருந்து எடுத்துப் பாதுகாத்து, மீதியுள்ள ஒவ்வொரு பிளேடையும் எடி கரண்ட் முறையிலும் ஒளிரும் சாய ஊடுருவல் முறையிலும் சோதித்த பிறகே ரோட்டாரை மீண்டும் பூட்ட வேண்டும்.